வீட்டில் பீர் காய்ச்சுவது: ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எனக்கு ஊர் தக்கலைப் பக்கம். இங்கிலாந்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அங்கே வாடகை வீட்டின் அடுக்களையில் பீர் காய்ச்சப் பழகினேன். ஊருக்குத் திரும்பியபின் அதை விட்டுவிட்டேன், காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது. ஆனால் குமரி மாவட்டத்திலிருந்து நர்ஸ் வேலைக்கும் படிப்புக்கும் வெளிநாடு போகிற பிள்ளைகள் நிறைய. எங்கள் குடும்பத்திலேயே ஆறு பேர். "சித்தப்பா, இங்கே கடையில் பீர் காய்ச்சுகிற சாமான் விற்கிறார்கள், வாங்கட்டுமா?" என்று ஒவ்வொருத்தராகக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஊரில் வீட்டில் காய்ச்சலாமா? விற்கப் போவதில்லை, சொந்தத்துக்குத்தான்.

கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937 இன்றும் நடப்பில் உள்ளது. அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது அதன்படி குற்றம். கள், ஒயின், பீர் என்று ஆல்கஹால் உள்ள எல்லாத் திரவமும் அந்தச் சட்டத்தின் 'மது' என்ற சொல்லுக்குள் வந்துவிடும். டாஸ்மாக் கடையில் வாங்கிக் குடிக்கலாம், வீட்டில் பத்து லிட்டர் காய்ச்ச முடியாது. இது நியாயமா என்று திண்ணையில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், எனக்கும் கருத்து உண்டு. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பேச்சு எடுபடாது. கிறிஸ்துமஸுக்கு பரணியில் திராட்சை ஊறவைக்கிற வீடுகளும் இதே சட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

களியக்காவிளை தாண்டிவிட்டால்?

அங்கேயும் இல்லை. கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு, அது உரிமம் பெற்ற கடை. வீட்டில் காய்ச்ச அப்காரிச் சட்டம் விடாது.

அப்படியானால் எங்கேதான் செய்யலாம்?

பிரிட்டனில் சொந்தத்துக்குக் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. விற்கக்கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. ஒரு வயதுவந்தவர் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேர் இருந்தால் 200 கேலன். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், கடைசி மாநிலங்கள் ஒத்துக்கொள்ள 2013 ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் சொந்தத்துக்குக் காய்ச்சலாம். எங்கே இருந்தாலும் அந்த ஊரின் விதியையும் வாடகை ஒப்பந்தத்தையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

சவூதி, குவைத்தில் இருக்கிற மருமக்கள் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிடலாம். அங்கே வேலை மட்டும் போகாது, ஜெயிலும் உண்டு.

விஷச்சாராயம் மாதிரி கண் போய்விடாதா?

இதை அம்மாமார்தான் அதிகம் கேட்கிறார்கள். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்ததை யார் மறப்பார்கள்? அங்கே உயிரை எடுத்தது மெத்தனால். தொழிற்சாலைக்கான அந்த ரசாயனத்தைச் சாராயத்தில் கலந்திருந்தார்கள். பீர் அப்படி வருவதில்லை. தானியச் சாற்றை ஈஸ்ட் புளிக்கவைக்கிறது, வாலை வடிக்கும் வேலையே கிடையாது. தானியம் புளிக்கும்போது உண்டாகிற மெத்தனால் கணக்கில் வராத அளவு. வீட்டுப் பீர் கெட்டால் வாய்க்கு விளங்காது, கண்ணை எடுக்காது.

வேறு ஆபத்துகள் உண்டு: கொதிக்கிற பத்து லிட்டர் சாறு, வெடிக்கிற பாட்டில். இரண்டையும் கீழே சொல்கிறேன்.

பீர் என்றால் அடிப்படையில் என்ன?

அக்கானி, அதாவது பதநீர், குடித்தவனுக்கு இது எளிதில் விளங்கும். பனையில் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவுகிறோம். தடவினால் அக்கானி, தடவாவிட்டால் கள். காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. சுண்ணாம்பு அந்த ஈஸ்ட்டை வேலை செய்ய விடாது.

பனை தயார்ச் சர்க்கரையை வடித்துக் கொடுத்துவிடும். பார்லி கொடுக்காது, அதில் இருப்பது மாவுச்சத்து. அதனால் முதலில் பார்லியை முளைகட்டி, உலர்த்தி, லேசாக வறுக்கிறார்கள். அதுதான் மால்ட். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன. 65 டிகிரி வெந்நீரில் மால்ட்டை ஒரு மணி நேரம் ஊறவிட்டால் அந்த நொதிகள் மாவைச் சர்க்கரையாக உடைத்துவிடும். கிடைப்பது இனிப்பான தவிட்டு நிறச் சாறு. அதில் கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூங்கொத்தைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் தூவினால் பீர். 1516-இல் ஜெர்மனியின் பவேரியாவில் போட்ட புகழ்பெற்ற சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே சொல்கிறது. ஈஸ்ட் என்ற ஒன்று இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது.

என்னென்ன சாமான் வேண்டும்?

முதல் தடவைக்குக் கொஞ்சம் போதும். 20 லிட்டர் பிடிக்கிற ஒரு அண்டா. மூடியுள்ள, உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் வாளி. மூடியின் துளையில் பொருத்த ஒரு ஏர்லாக், அதாவது உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத சின்னத் தண்ணீர்ப் பூட்டு. தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் (சாற்றில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கருவி, சர்க்கரை குறையக் குறைய எண்ணும் குறையும்), சாறு இறக்க ஒரு குழாய், பாட்டில்கள். அப்புறம், போட்டபின் தண்ணீரில் அலசத் தேவையில்லாத கிருமிநாசினி ஒரு புட்டி. ஹைட்ரோமீட்டரை மட்டும் 'அப்புறம் வாங்கலாம்' என்று விடாதீர்கள். நான் விட்டேன், அதன் கதை பின்னால் வருகிறது.

பாட்டில் என்றால் தவிட்டு நிறம்தான். ஹாப்ஸ் கலந்த பீரில் வெளிச்சம் பட்டால் நாற்றம் அடிக்கும். முதல் தடவைக்குத் தவிட்டு நிறப் பிளாஸ்டிக் பாட்டிலே நல்லது. அமுக்கிப் பார்த்தாலே உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று கைக்குத் தெரியும்.

டின்னில் வருகிற மால்ட் பாகு வாங்கலாமா, மால்ட்டிலிருந்தே தொடங்கலாமா?

டின் எளிது. 1.7 கிலோ டின்னை வெந்நீரில் கரைத்து, இன்னும் ஒரு கிலோ மால்ட் தூள் (உலர்த்திய மால்ட் சாறு, பொடித்த மால்ட் அல்ல) சேர்த்து, 20 லிட்டருக்குத் தண்ணீர் நிரப்பி, ஈஸ்ட் தூவினால் அரை மணி நேர வேலை. ஆனால் அது ரெடிமேட் தோசைமாவு வாங்குவது மாதிரி. ஒரு தடவை செய்து கை பழகட்டும். இரண்டாம் தடவை மால்ட்டிலிருந்து செய்யுங்கள். சுவை அங்கேதான் இருக்கிறது.

மால்ட்டிலிருந்து காய்ச்சுகிற நாள் எப்படிப் போகும்?

ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆலயம் முடிந்து வந்து தொடங்கினால் சாயங்காலக் கட்டஞ்சாயாவுக்கு முடியும். பத்து லிட்டர் கணக்கு சொல்கிறேன்.

14 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் அதற்கென்று விற்கிற மெட்டாபைசல்பைட் மாத்திரையில் ஒரு துளி போதும். இல்லாவிட்டால் பீரில் ஆஸ்பத்திரி வாடை வரும். அண்டாவுக்குள் ஒரு பெரிய துணிப்பையை விரித்து, உடைத்த மால்ட் 2.3 கிலோவைக் கட்டி தட்டாமல் கிளறிக் கொட்டுங்கள். வெப்பம் 66 பக்கம் வந்து நிற்கும். மூடி, போர்வை சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். இடையில் திறந்தால் வீடு முழுக்க ஹார்லிக்ஸ் மணம். தொடங்கும்போது கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கி இருந்தது, முடியும்போது தெளிந்து, தொட்டு நக்கினால் தித்திக்கும். அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே நான் ஒன்பது வருடம் காய்ச்சினேன் என்றுகூடச் சொல்லலாம். குடிப்பதைவிட எனக்குப் பிடித்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

பிறகு பையைத் தூக்கி வடியவிட்டு, சாற்றைக் கொதிக்கவிடுங்கள். முதல் கொதியில் பால் பொங்குகிற மாதிரி நுரை ஏறும். பக்கத்திலேயே நில்லுங்கள், போனை எடுக்காதீர்கள். பொங்கி வழிந்த மால்ட் சாறு அடுப்பில் கருகிப் பிடித்தால் வாடகை வீட்டு முன்பணம் போச்சு. நுரை அடங்கியதும் 15 கிராம் ஹாப்ஸ். இது கசப்புக்கு, ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும். அடுப்பை அணைக்கும்போது இன்னொரு 10 கிராம், இது மணத்துக்கு. ரசத்தில் கொத்தமல்லித்தழையைக் கடைசியில் போடுவது எதற்கோ, அதற்கேதான்.

இனி அவசரம். கொதி அடங்கிய சாற்றை அரை மணி நேரத்துக்குள் 20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். குளியல் தொட்டியில் குளிர்ந்த தண்ணீரும் ஐஸும் போட்டு அண்டாவை இறக்கிவைப்பேன். ஆறியதும் வாளியில் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, உலர் ஈஸ்ட் 5 அல்லது 6 கிராம் தூவி மூடிவிடலாம்.

இவ்வளவு கழுவ வேண்டுமா?

வேண்டும். பீர் காய்ச்சுவதில் பாதிக்குமேல் பாத்திரம் கழுவுகிற வேலைதான். இதைச் சொன்னதும் எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் ஆசையை விட்டுவிட்டார்கள். கொதிக்கும்வரை அழுக்கு பரவாயில்லை, கொதி கொன்றுவிடும். ஆறியபிறகு சாற்றைத் தொடுகிற ஒவ்வொன்றும், கரண்டி, குழாய், மூடி, கை, எல்லாம் முதலில் சோப்பில், பிறகு கிருமிநாசினியில். ஆப்பமாவுக்கு எது விழுந்தாலும் காலையில் ஆப்பம் வந்துவிடும். இது இரண்டு வாரம் மூடிக்கிடக்கிற சாறு, வேண்டாத கிருமி ஒன்று முந்திக்கொண்டால் வினிகர்தான்.

ஈஸ்ட் போட்டு ஒரு நாள் ஆகிவிட்டது, குமிழி வரவில்லை. கெட்டுவிட்டதா?

இல்லை. 36 மணி நேரம்வரை பொறுங்கள். மூடி சரியாக அமராமல் வாயு வேறு பக்கம் போனாலும் ஏர்லாக்கில் குமிழி வராது. உள்ளே எட்டிப் பார்த்தால் நுரை கட்டியிருக்கும். திறந்து திறந்து பார்க்காதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. அறை 18 முதல் 22 டிகிரிக்குள் இருக்கட்டும். சின்ன அறையானால் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும், வெளியே வருவது கரியமில வாயு.

பாட்டிலில் எப்போது அடைப்பது?

காலண்டரைப் பார்த்து அல்ல, ஹைட்ரோமீட்டரைப் பார்த்து. தொடக்கத்தில் 1.048 காட்டியது, புளித்து முடிந்தால் 1.010 பக்கம் வரும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பார்த்தும் எண் மாறாமல் இருந்தால் முடிந்தது. பொதுவாக இரண்டு வாரம்.

என் மூன்றாவது காய்ச்சலில் அப்படிப் பார்க்கவில்லை. ஹைட்ரோமீட்டரே அப்போது என்னிடம் இல்லை. ஈஸ்டருக்கு நம்ம ஊர்க்காரர்கள் சாப்பிட வருகிறார்கள் என்று பதினான்காம் நாள் அடைத்துவிட்டேன். அந்த மாதம் அறை குளிர்ந்து கிடந்ததால் ஈஸ்ட் பாதி வேலையில் தூங்கியிருக்கிறது. வெயில் வந்ததும் மூடிய பாட்டிலுக்குள் எழுந்து மீதியைத் தின்னத் தொடங்கிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு டமார் என்றது. ஜன்னலில் யாரோ கல்லெறிகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மாடிப்படியின் கீழ் அலமாரியில் ஏழு பாட்டில் வரிசையாக வெடித்திருந்தன. ஒரு கண்ணாடித் துண்டு மரக்கதவில் விரற்கடை ஆழத்துக்குக் குத்தி நின்றது. பகலில் யாராவது கதவைத் திறந்திருந்தால்? மறுநாள் கடை திறந்ததும் வாங்கிய முதல் சாமான் ஹைட்ரோமீட்டர்.

அடைக்கும்போது நுரை வருவதற்காக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்க்க வேண்டும். பத்து லிட்டருக்கு 60 கிராம், தராசில் நிறுத்து. 'ஒரு பிடி' என்று கையளவில் போடுகிற வழக்கத்தை இங்கே மட்டும் மறந்துவிடுங்கள். அடைத்தபின் இரண்டு வாரம் சாதாரண அறையில், பிறகு பிரிட்ஜில்.

எத்தனை சதவீதம் ஆல்கஹால் என்று எப்படித் தெரியும்?

தொடக்க எண்ணிலிருந்து இறுதி எண்ணைக் கழித்து 131.25-ஆல் பெருக்குங்கள். 1.048-இல் 1.010 போனால் 0.038, பெருக்கினால் ஏறக்குறைய 5 சதவீதம்.

கருப்பட்டி, கிராம்பு, தேன் எல்லாம் போடலாமா?

நம்ம ஆட்கள் முதல் வாளி புளித்துமுடியுமுன்னே கேட்கிற கேள்வி.

கருப்பட்டி போடலாம், நன்றாக வரும். பத்து லிட்டருக்கு 250 கிராம், கொதியின் கடைசிப் பத்து நிமிடம். தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், அடியில் மண்ணும் சுண்ணாம்பும் தங்கும். இனிப்பு மிஞ்சும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஈஸ்ட் அதைத் தின்றுவிடும். அக்கானி காய்ச்சுகிற விளையின் புகைமணம் மட்டும் லேசாக மிஞ்சும்.

மார்த்தாண்டம் தேன் வீண். அது பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்துத் தேன், மணம் மென்மையானது. புளித்தபின் அது இருந்த இடமே தெரியாது. அதை அப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம்பு பத்து லிட்டருக்கு ஒன்று. ஒன்றுதான். நான் மலையிலிருந்து வந்த நல்ல கிராம்பு எட்டைப் போட்டேன். பல்வலிக்குத் தடவுகிற எண்ணெய் மாதிரி இருந்தது, மொத்தமும் சாக்கடைக்குப் போனது. பிற்பாடு தெரிந்துகொண்டது இதுதான்: ஜெர்மானியக் கோதுமைப் பீருக்கென்று ஒரு ஈஸ்ட் இருக்கிறது. ஒன்றும் போடாமலே அது கிராம்பு மணத்தையும் வாழைப்பழ மணத்தையும் தானே உண்டாக்கும். முதல் பாட்டிலைத் திறந்தபோது மட்டிப்பழக் குலை தொங்குகிற எங்கள் வீட்டுப் பத்தாயப்புரை ஞாபகம் வந்தது. பாதி மால்ட்டுக்குப் பதில் கோதுமை மால்ட்டும் இந்த ஈஸ்ட்டும் போதும், பையில் கிராம்பு கட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டாம்.

ஹாப்ஸ் நம்ம ஊரில் வளருமா?

இங்கே நல்ல மிளகுதான் வளரும். ஹாப்ஸ் நன்றாக வளர்ந்து பூக்கக் கோடையில் நீண்ட பகல் வேண்டும், குளிர்கால உறக்கமும் உதவும். குமரி முனை எட்டு டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, இரண்டும் இங்கே கிடையாது. வெளிநாட்டில் நாய் வளர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஹாப்ஸ் நாய்க்கு விஷம், காய்ச்சிய சக்கையும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

சுவை கெட்டால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் நாக்கே சொல்லிவிடும். பச்சை ஆப்பிள் வாடை என்றால் இன்னும் பருவமாகவில்லை, பொறுங்கள். வெண்ணெய் வாடை என்றால் ஈஸ்ட் வேலை முடியுமுன் குளிரில் வைத்துவிட்டீர்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் அடைக்கும்போது காற்றுப் பட்டிருக்கிறது. தலையைக் கிறுகிறுக்க வைக்கிற காரமான சாராய நெடி என்றால் சூடு. 30 டிகிரி அறையில் சாதாரண ஈஸ்ட் அப்படித்தான் செய்யும். வெயில்காலத்தில் காய்ச்சியே ஆக வேண்டுமானால் நார்வே நாட்டுப் பண்ணைகளிலிருந்து வந்த குவைக் என்ற ஈஸ்ட் இருக்கிறது, 35 டிகிரியிலும் நிதானமாக வேலை செய்யும். பூசணம் படர்ந்திருந்தால் ஆராய்ச்சி வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

காசு மிச்சமா?

சாமான் செலவைக் கூட்டினால் முதல் வருடம் நஷ்டம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்து லிட்டர் என்றால் இருபது பாட்டில் வீட்டில் எப்போதும் இருக்கும். குடியை விடப் பாடுபடுகிறவர் யாராவது அந்த வீட்டில் இருந்தால் தயவுசெய்து தொடங்காதீர்கள். எங்கள் குடும்பத்திலேயே ஒரு மருமகனிடம் இதை நேராகச் சொன்னேன், அவனுக்குக் கோபம் வந்தது, வரட்டும்.

ஊரில் இருந்தபடியே எதையாவது பழகிப் பார்க்க வழி உண்டா?

உண்டு, அதுவும் சட்டத்துக்கு உட்பட்டு. ஈஸ்ட் பக்கமே போகாமல், மாவு சர்க்கரையாகிற அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் செய்து பார்க்கலாம். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி இரண்டு நாள் முளைகட்டி, வெயிலில் காயவைத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் மால்ட்.

சம்பா அரிசி நொய்யில் கெட்டியாகக் கஞ்சி வையுங்கள், சிரட்டைத் தவி (அகப்பை) சாயாமல் நிற்கிற பதம். இறக்கி 65 டிகிரிக்கு ஆறவிட்டு, முளைப்பொடி இரண்டு கரண்டி போட்டுக் கிளறுங்கள். கொதிக்கிற கஞ்சியில் போட்டால் நொதி செத்துவிடும், ஒன்றும் நடக்காது. பத்து நிமிடத்தில் தவி மெதுவாகச் சாயும். கால் மணி நேரத்தில் கஞ்சி தண்ணீராக ஓடும். ஒரு மணி நேரம் துணி சுற்றி வைத்துவிட்டு நக்கிப் பாருங்கள், சர்க்கரை ஒரு துளி போடாமல் இனிக்கும். மருந்துக்கடை அயோடின் இருந்தால் தொடக்கத்தில் ஒரு சொட்டும் முடிவில் ஒரு சொட்டும் தட்டில் எடுத்த கஞ்சியில் விட்டுப் பாருங்கள். முதலில் கருநீலம், கடைசியில் நிறம் மாறாது. அந்தத் தட்டுக் கஞ்சியைக் கொட்டிவிடுங்கள். மீதியை ஒரு கொதி விட்டு ஏலக்காய் தட்டிப்போட்டு அன்றைக்கே குடித்துவிடலாம். ராத்திரி வெளியே வைக்காதீர்கள், நம்ம ஊர்ச் சூட்டில் புளித்துவிடும்.

வடித்த சக்கையை என்ன செய்வது?

இங்கிலாந்தில் பக்கத்துத் தோட்டக்காரர் உரக்குழிக்கு வாங்கிப்போவார். இங்கே நான் செய்து காட்டிய கஞ்சியின் சக்கையை அம்மா பசுவுக்குக் கழனித்தண்ணியில் கலந்து வைத்தார்கள். மறுநாள் காலையில் வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு அது என்னைப் பார்த்துக் கத்தியது. இப்போது வாரம் ஒரு தடவை கேழ்வரகு முளைகட்டுகிறேன்.